வெயிலில் அணையும் பெட்டி

எங்கள் வீட்டு மேற்குச் சுவரில், கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில், சோப்புப் பெட்டி அளவில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அது மூன்று தடவை அணைந்தால் நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று என் மகள் சட்டம் போட்டிருந்தாள். சட்டத்தில் என் கையெழுத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

என் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு மறு வருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பெரிய அடி ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத்தான் மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை கூடத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை மகள் வந்து நின்றாள். அவளோடு வரும்படி சொன்னாள். பெங்களூர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். அது காவிரித் தண்ணீர் என்றாள். அதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை. வரமாட்டேன் என்பது மட்டும் இருந்தது. அவளுடைய வீடு ஒன்பதாவது மாடி. கீழே வயசானவர்கள் நடப்பதற்கென்று ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றி வருவார்கள். ஒரு முறை நான் எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன், காவலாளி வந்து திருப்பிவிட்டார்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அதுதான் இந்தப் பெட்டி. மெயின் வயரைக் கிளிப் மாதிரி கவ்விக்கொண்டு, வீட்டில் அந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்த்து, வைஃபை வழியாக மகளின் போனுக்கு அனுப்பிவிடும். நான் மோட்டார் போட்டால் அங்கே கோடு ஏறும். அணைத்தால் இறங்கும். ஏறி இறங்கினால் அப்பா நடமாடுகிறார் என்று அர்த்தம். கோடு அசையாமல் நேராகப் போனாலோ, வராமலே நின்றாலோ போன் செய்வாள். அரை மணிக்குள் நான் போனை எடுக்காவிட்டால் அது ஒரு தடவை. மூன்று தடவை ஆனால் பெங்களூர்.

எனக்கு இதில் தொழில்முறையில் ஒரு வருத்தம் உண்டு. நான் நாற்பது வருஷம் பட்டுப்புடவைக்கு கிராஃப் போட்டவன். கட்டம் போட்ட தாளில் மயிலையும் மாங்காயையும் நான் புள்ளி புள்ளியாக வரைவேன். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டைகளைச் சரமாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், எந்த இழை தூக்க வேண்டும் என்று அட்டை சொல்லும். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணும். தெருவில் இன்னும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவனை ஒரு பெட்டி கிராஃப் போட்டது. மகள் தன் போனில் அதைக் காட்டினாள். காலை ஐந்தரைக்கு மோட்டார், கோபுரக் கரை மாதிரி ஒன்று. ஏழு மணிக்கு மிக்சி, ஊசி மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை ஃப்ரிட்ஜ் மட்டும் சின்னச் சின்னப் பல்லாக வந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி கிராஃபை நான் போட்டுக் கொடுத்திருந்தால் முதலாளி மூஞ்சியில் எறிந்திருப்பார்.

மார்கழி, தை எல்லாம் பெட்டி ஒழுங்காக இருந்தது. சித்திரை பிறந்ததும் அதற்கு ரோஷம் வந்துவிட்டது.

அது இருக்கிற சுவரில் பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். பெட்டியோடு வந்த காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஐம்பது டிகிரிக்கு மேல் தாங்காது என்று அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. ஒரு மணிக்குப் போய்ச் சுவரில் கை வைத்தேன். வைத்ததைவிட வேகமாக எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. நாலரை மணிக்கு எதிர்வீட்டு வேப்பமரத்து நிழல் சுவருக்கு வந்ததும், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி எரிந்தது.

எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டேன். பெட்டியை மாட்டியவர் அவர்தான். என்னைவிட இருபது வயது சின்னவர், ஆனால் எதையும் சொல்வதற்கு முன் என்னைவிட அதிகமாகப் பெருமூச்சு விடுவார்.

"சூடு ஏறுனா அது தன்னைத் தானே ஆஃப் பண்ணிக்கும் மாஸ்டர். தன்னைக் காப்பாத்திக்குது" என்றார்.

"என்னை யாருப்பா காப்பாத்தறது?"

வேறு சுவருக்கு மாற்றச் சொன்னேன். கிளிப்பிலிருந்து வரும் வயர் முழ நீளம்தான், வெட்டி ஒட்டினால் கணக்குத் தப்பாகக் காட்டும் என்றார். மெயின் வயர் மேற்குச் சுவரில், அதனால் பெட்டியும் மேற்குச் சுவரில். "நெழல் பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு பெருமூச்சோடு போனார்.

அக்னி நட்சத்திரம் தொடங்கின அன்றைக்கே முதல் தடவை நடந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் கூடத்து ஃபேனையும் உள்ளறை ஃபேனையும் போட்டுவிட்டு, கூடத்தில் பாயை விரித்துப் படுப்பது என் வழக்கம். அன்றும் அப்படித்தான் படுத்தேன். போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. பெட்டி அணைந்தது, மகள் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. அவள் எதிர்வீட்டுக்குக் கூப்பிட்டாள். எதிர்வீட்டில் இருப்பவர் தறி நெய்கிற அம்மாள். என்னை அண்ணா என்பார். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்து கதவைத் தட்டினார். நான் திறந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணா, இருக்கறியா?"

"இருக்கேம்மா."

"உன் பொண்ணு அழுதுக்கினு இருக்குது." சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். "உள்ள யாரு? ஃபேன் ஓடுது."

"யாருமில்ல. மறந்துட்டேன்" என்றேன்.

அவர் போனதும் மகளைக் கூப்பிட்டேன். "ஒண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு தினமும் ஒரு மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்தேன். பெட்டி அணையும். போன் அடிக்கும். "அப்பா?" "இருக்கேன்." "சரி." இவ்வளவுதான் பேச்சு. எழுபது வயதை எட்டப்போகிற ஒருவன் மத்தியானத் தூக்கத்தை விட்டுக்கொடுப்பது என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே பெட்டியைக் காப்பாற்றுவதில் முழு மூச்சாக இறங்கினேன்.

முதலில் தெர்மாகோல். மருந்துக்கடையில் அட்டைப்பெட்டியோடு வீசியிருந்ததைக் கேட்டு வாங்கி, பெட்டியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டினேன். என் கைவேலை சுத்தமாக இருக்கும். அவ்வளவு சுத்தமாக ஒட்டியதில், பெட்டி ஒரு மணிக்கு அணைவதற்குப் பதில் பதினொன்றரைக்கே அணைந்தது. அதற்குள்ளேயே கொஞ்சம் சூடு பிறக்குமாம். வெளியே போக வழியில்லாமல் அதிலேயே வெந்துவிட்டது.

அடுத்த யோசனை எதிர்வீட்டு அம்மாளுடையது. "வெயில் காலத்துல பாவு காஞ்சா இழை அறுந்துடும்னு நாங்க ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டறோமில்ல? அந்த மாதிரிதான்" என்று சொல்லி, நல்ல கனமான சாக்கை நனைத்து அவரே கொண்டுவந்து மாட்டினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல். அதைக் காப்பாற்றுகிற வழி இதையும் காப்பாற்றாதா? சாக்கு பெட்டியையும், பக்கத்திலிருந்த மீட்டரையும், கீழே இருந்த மெயின் ஸ்விட்சையும் சேர்த்து மூடி, சொட்டிக்கொண்டு தொங்கியது. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த எலக்ட்ரிஷியன் வாசலிலேயே நின்றுவிட்டார். கிட்டே வரவில்லை.

"மாஸ்டர், பொண்ணு ஒடனே பொறப்பட்டு வரணும்னா இதைவிட நல்ல வழி கெடயாது" என்றார்.

சாக்கை ஒரு காய்ந்த கம்பால் தள்ளி எடுத்தோம்.

இரண்டாவது தடவை என் தப்பு. வைகாசியில் கருட சேவைக்குப் போனேன். விடியற்காலையில் கிளம்பியவன் போனை எடுக்க மறந்துவிட்டேன். சாமி பார்த்து, பந்தலில் நீர்மோர் குடித்து, திருப்பருத்திக்குன்றத்துச் சிநேகிதர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்ததால் அவர் வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே நிம்மதியாகத் தூங்கியும்விட்டேன். நான்கு மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தபோது என் வீட்டு வாசலில் கூட்டம். யாருக்கு என்னவோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். கிரில் கேட்டை நான் உள்ளிருந்து பூட்டிக்கொண்டதாக நினைத்து, பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கண்ணா சுத்திக்கினு வர்ற? உன்ன உள்ள தேடிக்கினு இருக்கறோம்!" புதுப் பூட்டு வாங்கியதும் ஒரு சாவி அவரிடம் போயிற்று. மகள் "ரெண்டுப்பா" என்றாள். முதல் தடவை சொன்ன "ஒண்ணு"வில் கோபம் இருந்தது. இதில் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் புடவை ஞாபகம் வந்தது.

பீரோவில் மனைவியின் முகூர்த்தப் புடவை இருந்தது. அரக்கு நிறம், முந்தானை முழுக்க ஜரிகை. கிராஃப் நான் போட்டது. நெய்தவர் எனக்குத் தெரிந்தவர். ஜரிகையைப் பக்கத்தில் நின்று நானே பார்த்து எடுத்தேன். கல்யாணத்தன்று அவளுடைய அக்கா முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஜரிகை சுத்தமா, இல்ல கலப்பா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு வருஷம் குடியிருந்தது. ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல், அது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுரண்டிக் காட்டுகிறேன் என்று பல தடவை சொன்னேன். "சுரண்டறதுக்கு உங்களுக்கு என் முகூர்த்தப் புடவைதான் கெடைச்சுதா?" என்று பிடுங்கி உள்ளே வைத்துவிடுவாள். அவளுக்குச் சந்தேகம் தீர்வதில் விருப்பமே இல்லை. அது அவளுக்கு அவ்வளவு பயன்பட்டது. ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கிளம்பினால், "உங்க ஜரிகை மாதிரிதானே?" என்பாள். மழை வராது என்றால், "உங்க ஜரிகை மாதிரியா?" ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், எல்லாம் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக அவளிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே அதையேதான் கேட்டாள்.

வெயிலில் ஜரிகை பளீரென்று அடிக்கும், வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பட்டோ சூட்டை இழுக்காது. இதுதான் என் கணக்கு. வேறு ஊர்க்காரனுக்கு இந்தக் கணக்கு தோன்றியே இருக்காது. மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்குப் புடவையை நாலாக மடித்து, முந்தானை வெளியே வரும்படி பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, நூலால் கட்டினேன். உள்ளே கை விட்டுப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு மணிக்கும் போய்ப் பார்த்தேன். எரிந்தது! அந்த மாதத்தில் முதல் தடவையாக ஒரு மணிக்கு எரிந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் போனைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு, இரண்டு ஃபேனையும் போட்டு, பாயில் விழுந்தேன். ஒரு மாதத்துத் தூக்கம்.

எழுந்தபோது எதிர்வீட்டு அம்மாள் சாவியும் கையுமாகக் கூடத்தில் நின்று என் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "தூங்கிக்கினு இருக்காரும்மா. நல்லா கொறட்டை வுட்டுக்கினு இருக்காரு." பிறகு போனை என்னிடம் நீட்டினார். மகள் சொன்னாள்: "மூணு. துணிமணி எடுத்து வெச்சுக்கோப்பா. சனிக்கிழமை வரேன்."

பெட்டி எரிந்துகொண்டுதானே இருந்தது என்றேன். பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒரு கோடும் வரவில்லை என்றாள்.

சாயங்காலம் எலக்ட்ரிஷியன் வந்தார். புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட மறந்துவிட்டார். புடவையை விலக்கினார். என் போனில் மகளுடைய அதே கிராஃபை அவர் திறந்து வைத்திருந்தார், அதில் கோடு அசைந்தது. மறுபடி போர்த்தினார். நின்றுபோனது. எனக்காக இன்னொரு தடவையும் செய்து காட்டினார்.

"பெட்டி ஓடிக்கினுதான் இருக்குது. வைஃபைதான் வெளிய வரல. நாலு மடிப்புக்கும் வெள்ளிக் கம்பி மாஸ்டர், அடைச்சிடுச்சு. இப்ப வர்ற பிளாஸ்டிக் ஜரிகையா இருந்தா சிக்னல் பாட்டுக்குப் போயிருக்கும்."

"அப்ப, இது அசல் வெள்ளியா?"

"பின்ன? இரும்புத் தகடு போட்டாப்பல நிறுத்திடுச்சே."

இதில் எவ்வளவு விஞ்ஞானம் என்று எனக்குத் தெரியாது. கலப்பு ஜரிகையும் நிறுத்துமோ என்னவோ. நான் கேட்கவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. அதை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. புடவையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவளுடைய படத்துக்கு முன்னால் நின்றேன். சொல்லத்தான் போனேன். சொல்ல வரவில்லை. ஜெயித்ததைச் சொல்லிக் காட்டுவதற்கு எதிரே தோற்றவள் இருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போக வேண்டும். படம் திருப்பிக்கொள்ளவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

மகளிடம் போனில் சொன்னேன். "எந்தப் புடவை? அரக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப மூணாவது தடவை பெட்டி அணையல. அம்மாதான் மூடிட்டாங்க. அது சேர்த்தி இல்ல" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் என் மகள் மட்டும் இல்லை, அவளுடைய அம்மாவுக்கும் மகள். "ஒரு வாரம் டைம் தரேன். ஏழு நாளும் மத்தியானம் அந்தப் பெட்டி அணையாம ஓடணும். ஓடுச்சுன்னா நீ அங்கயே இரு. நான் பேசல."

இந்தத் தடவை உட்கார்ந்து யோசித்தேன். நிழல் வேண்டும், காற்று வேண்டும், ஈரம் கூடாது, உலோகம் கூடாது. பரணில் என்னுடைய பழைய டிசைன் ஒன்றின் அட்டைச் சரம் கட்டாக இருந்தது. கிளி என்று நான் போட்டது. நெய்து வந்ததும் காக்கா என்று எல்லோரும் சொன்னதால் ஒரே புடவையோடு நின்றுபோனது. எலக்ட்ரிஷியன் முதலில் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னால் இரண்டு விரல்கடை மரக்கட்டை கொடுத்து மாட்டினார். சுவரின் சூடு நேராக ஏறாது. பிறகு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த சிமெண்ட் பலகையிலிருந்து அட்டைச் சரத்தை, பெட்டிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, பாய் மாதிரி தொங்கவிட்டோம். அட்டை வெயிலை வாங்கிக்கொண்டது. ஓட்டை வழியாகக் காற்று போய்வந்தது. பெட்டியின்மேல் சின்னச் சின்ன வெயில் புள்ளிகள் விழுந்தன. கிராஃப் தெரிந்தவன் பார்த்தால் அதில் கிளியின் அலகு தெரியும்.

ஒரு மணிக்குப் பெட்டி எரிந்தது. இரண்டுக்கு எரிந்தது. நான்குக்கும் எரிந்தது. போன் அடிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. நான் தூங்கினேன். மழை வந்தால் அட்டை நமத்துப்போகும், ஆனால் மழை வந்தால் வெயில் இருக்காது.

ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

"தூங்கிக்கினு இருந்தியா?"

"நீ தூங்க வுட்டாத்தானே."

"ஏழு நாளும் அணையலப்பா" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தேன். "ஒண்ணு கேக்கணும். இத்தினி நாளா மத்தியானத்துல கோடே வராததால எனக்குத் தெரியல. இப்பதான் பாக்கறேன். ஒரு மணிக்கு ரெண்டு படி ஏறுது. ஒண்ணு கூடத்து ஃபேன். பக்கத்துலயே இன்னொரு படி, கொஞ்சம் சின்னது. நாலரைக்கு ரெண்டும் ஒண்ணா எறங்குது. தெனம். அது என்னாப்பா?"

வெயிலிலிருந்து அந்தப் பெட்டியைக் காப்பாற்ற இரண்டு மாதம் பாடுபட்டவன் நான். அது மத்தியானத்தில் அணைந்துகிடந்ததுதான் இத்தனை நாள் என்னைக் காப்பாற்றியது என்று அப்போதுதான் உறைத்தது. ஃப்ரிட்ஜ் என்று சொல்லலாம். ஃப்ரிட்ஜ் அப்படி ஏறாது என்று அவளுக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஏழு நாளும் ஒரே நேரத்துக்கு மறக்கிற அப்பனை எந்த மகளும் தனியாக விட்டுவைக்க மாட்டாள். உண்மையைச் சொன்னால் அதைவிட மோசம். அடுத்த சனிக்கிழமை வரைகூடக் காத்திருக்காமல் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

"உள்ளறை ஃபேன்" என்றேன்.

"உள்ள யாருப்பா?"

யார் என்று அவளுக்குத் தெரியும். சித்திரை, வைகாசி மத்தியானங்களில் அந்த அறையின் வெறும் சிமெண்ட் தரையில், கதவுப் பக்கம் தலைவைத்து யார் படுப்பார்கள் என்று அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? பெங்களூருக்கு நான் ஏன் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் என்று இனிமேல் சொல்ல முடியாது.

"உங்கம்மாவுக்கு வேர்க்கும்மா" என்றேன்.

கூடத்து ஃபேனும் உள்ளறை ஃபேனும் ஓடுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அஞ்சுல வெக்காதப்பா" என்றாள். "மூணுக்கு மேல போனா அம்மாவுக்குக் காது வலிக்கும்."

"மூணுலதாம்மா வெச்சிருக்கேன்."

"தெரியுதுப்பா" என்றாள்.